ஓடுகிற ப்ரொக்ஸ்மொக்ஸ் கிளஸ்டரில் நான்காவது சேர்வரைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ப்ரொக்ஸ்மொக்ஸில் (ஒரு சேர்வரில் பல விஎம்களை, அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை, ஓட்ட விடும் மென்பொருள்) புது சேர்வர் ஒன்றை கிளஸ்டரில், அதாவது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சேர்வர் கூட்டத்தில், சேர்க்கும் வேலை என்று பார்த்தால் அது சில நிமிட வேலைதான். ஓரிடத்தில் கொப்பி பண்ணி, இன்னோரிடத்தில் ஒட்டி, பாஸ்வேர்ட் கொடுத்து ஒரு பட்டனை அமத்தினால் முடிந்தது. ஆனால் அந்தப் பட்டனை அமத்திய பிறகு புது சேர்வரின் பெயரை மாற்ற முடியாது, ஐபியை லேசில் மாற்ற முடியாது, அதோடு அதன் நெட்வேர்க்கில் இருக்கிற கோளாறு அதற்கு மட்டும் உரிய கோளாறாக இருக்காது, ஏற்கனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்து விழுத்தும். ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி பட்டனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை பற்றித்தான்.

திருகோணமலையில் சேர்வர் பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நிலாவெளிப் பக்க ஹோட்டலாகவோ டவுனில் உள்ள அலுவலகமாகவோ இருக்கலாம், மூன்று சேர்வர், ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, ஒரு சின்ன அறை, அதைப் பார்க்க ஒருவர் அல்லது இருவர், இதுதான் வழக்கமான அமைப்பு. ஒரு பார்ட்ஸ் வேண்டுமென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்த நிலையில், பிழைத்த பிறகு திருத்துவதை விட முன்கூட்டியே பார்த்துக்கொள்வது எவ்வளவோ மலிவு.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

உங்களிடம் 128 ஜிபி ரேம் உள்ள மூன்று சேர்வர்கள் இருக்கின்றன என்று வைப்போம். மொத்தம் 384. ஒன்று விழுந்தால் மிஞ்சுவது 256. அப்படியென்றால் விஎம்கள் எல்லாம் சேர்ந்து 256க்குள், அதுவும் ஹோஸ்டுக்கு, அதாவது சேர்வருக்கே, தேவையான ரேமைக் கழித்துவிட்டு, அடங்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் உங்களிடம் கிளஸ்டர் இருக்கிறது, ஆனால் ஒரு சேர்வர் விழுந்தால் எல்லா விஎம்மையும் தூக்கி நிறுத்த இடமில்லை.

இப்போது நான்காவதாக 256 ஜிபி உள்ள ஒன்றை வாங்குகிறீர்கள். மொத்தம் 640. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விழுவது அந்தப் பெரிய சேர்வராக இருந்தால் மிஞ்சுவது 384தான். 128 ஜிபி உள்ள நான்காவதை வாங்கியிருந்தாலும் ஒன்று விழுந்தபின் மிஞ்சுவது அதே 384. காசைக் கூடக் கொடுத்து, பாதுகாப்பான அளவில் ஒரு ஜிபி கூட ஏறவில்லை. ஆகவே முடிந்தவரை மற்றவை போலவே ஒன்றை வாங்குங்கள். மிச்சக் காசில் பழைய மூன்றுக்கும் ரேம் ஏற்றுவது பல நேரம் நல்ல முடிவு.

சிபியூவும் அப்படித்தான். இன்டெல் கிளஸ்டரில் ஏஎம்டி ஒன்றைச் சேர்க்கலாம், சேரும், ஓடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை ஒன்றிலிருந்து மற்றதுக்கு நிறுத்தாமல் நகர்த்தும்போது அது உறைந்துபோகாது என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஒரே கம்பனி சிபியூவாக இருந்தால் தலைமுறை வேறுபாட்டைச் சமாளிக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

நான்கு என்ற எண்ணில் இருக்கிற சிக்கல்

கிளஸ்டர் வாக்கு எண்ணித்தான் முடிவெடுக்கும். சங்கக் கூட்டத்தில் கோரம் (குவோரம்) இல்லாவிட்டால் தீர்மானம் எடுக்க முடியாதது போல, பாதிக்கு மேல் நோட்கள் (கிளஸ்டரில் உள்ள சேர்வர்கள்) ஒன்றையொன்று பார்க்காவிட்டால் கிளஸ்டர் எந்த மாற்றத்தையும் ஏற்காது, புதிதாக எந்த விஎம்மையும் கிளப்பவும் விடாது. மூன்று நோட் இருந்தால் இரண்டு வேண்டும், ஆகவே ஒன்றை இழக்கலாம். நான்கு இருந்தால் மூன்று வேண்டும், ஆகவே இப்போதும் ஒன்றைத்தான் இழக்கலாம். சேர்வர் கூடியது, தாங்கும் சக்தி கூடவில்லை. அதைவிட, சுவிட்ச் ஒன்று பழுதாகி இரண்டு இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பக்கமும் சரிபாதி, ஒரு பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லை.

இதற்கு மருந்து கியூடிவைஸ். விஎம் எதுவும் ஓடாத, வாக்கு மட்டும் போடுகிற ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. நான்கு நோடும் இதுவும் சேர்ந்தால் ஐந்து வாக்கு, மூன்று போதும். அப்போது இரண்டு நோட் விழுந்தாலும் மிச்ச இரண்டும் இந்தப் பெட்டியும் சேர்ந்து ஓட்டும். இது டிசிபியில் பேசுவதால் தாமதத்தை அவ்வளவு பெரிதாக எடுக்காது. கிண்ணியாவிலோ மூதூரிலோ உங்களுக்கு ஒரு கிளை இருந்தால் அங்கேயே வைக்கலாம். ஒன்று மட்டும் கவனம், அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக இதை வைக்கக்கூடாது, வைத்தால் அதில் அர்த்தமே இல்லை.

ஏற்கனவே இரண்டு நோடும் கியூடிவைஸும் வைத்து ஓட்டுகிறவர்கள் மூன்றாவதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் கியூடிவைஸைக் கழற்றுங்கள், பிறகு நோடைச் சேருங்கள். மூன்று நோடுக்கு அது தேவையில்லை. நான்காவது வரும்போதும் சேர்த்து முடித்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

பெட்டி வந்ததும்

பாவித்த சேர்வர்தான் பெரும்பாலும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து ரேம் குச்சிகளின் பொன்னிற விளிம்பையும் நெட்வேர்க் போர்ட்களின் உள்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்று வீட்டுக் கதவுப் பிணைச்சலையே தின்னும், சேர்வரை விட்டுவைக்காது. அறைக்கு வெளிக்காற்றை இழுக்கும் ஃபேன் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், மூடிய அறையும் ஏசியும்தான் சரி. புது சேர்வர் கூடுதல் சூட்டையும் கொண்டு வரும். கச்சான் வீசுகிற மாதங்களில் இப்போதுள்ள ஏசி எவ்வளவு திணறுகிறது என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மழைக் காலத்தில் அளந்து வைத்த கணக்கு ஜூலையில் உதவாது.

யூபிஎஸ் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். நான்கு பவர் சப்ளை ஜோடிகளையும் ஒரே யூபிஎஸில் செருகினால் அந்த யூபிஎஸ்தான் உங்கள் கிளஸ்டரின் ஆயுள். ஒவ்வொரு சேர்வரிலும் ஒரு பவர் சப்ளை ஒரு யூபிஎஸுக்கும் மற்றது இன்னொன்றுக்கும் போகட்டும்.

இன்ஸ்டோல் செய்யும் முன் பயோஸைப் புதுப்பித்து, அதில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ப்ரொக்ஸ்மொக்ஸ் இன்ஸ்டோலரின் மேலதிகத் தெரிவுகளில் உள்ள மெமரி டெஸ்டை ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். பழுதான ரேம் குச்சி கிளஸ்டருக்கு வெளியே அம்பிடுவதும், உள்ளே டேட்டாபேஸ் விஎம் ஒன்று அதன் மேல் இருக்கும்போது அம்பிடுவதும் ஒன்றல்ல.

இன்ஸ்டோல்

முதலில் வேர்ஷன். ப்ரொக்ஸ்மொக்ஸ் 8 வந்தது 2023 ஜூனில், டெபியன் 12 மேல். 9 வந்தது 2025 ஓகஸ்டில், டெபியன் 13 மேல். உங்கள் பழைய மூன்றும் 8 இல் இருந்தால் புதியதற்கும் 8 ஐயே போடுங்கள். புதுசுதானே என்று 9 ஐப் போட்டுச் சேர்க்காதீர்கள். சேர்த்து முடித்து, நான்காவதின் இடம் கையில் இருக்கும்போது, ஒவ்வொன்றாகக் காலி பண்ணி எல்லாவற்றையும் 9க்கு ஏற்றலாம். அந்த வேலைக்கு நான்காவது சேர்வர் பெரிய உதவி. 8க்குள்ளும் சின்ன வேர்ஷன்கள் ஒன்றாக இருக்கட்டும், அதாவது நான்கையும் ஒரே ரிப்போசிட்டரியிலிருந்து ஒரே நாளில் அப்டேட் செய்யுங்கள்.

பெயர் வைக்கும்போது வரிசையைப் பின்பற்றுங்கள், இது பின்னர் மாறாது. ஐபி நிலையானதாக இருக்க வேண்டும், தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபி கூடாது. டைம்சோன் ஆசியா கொழும்பு. நேரம் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று, நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனியில் பாருங்கள், நேரம் பிசகினால் சான்றிதழும் லொக்-இன்னும் பிசகும், லொக் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது.

டிஸ்க் பிரிக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய மூன்றும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைப் பூலாகச் சேர்த்து ஆளும் கோப்பு முறை) என்றால் இதுவும் அதுவே, பூலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதுவே. இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (விஎம் டிஸ்க்கை இன்னொரு நோடுக்கு அடிக்கடி கொப்பி பண்ணுவது) ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம். இன்னொன்று, 8.1 இலிருந்து புதிதாக இன்ஸ்டோல் செய்த சேர்வரில் இசட்எஃப்எஸ் கேஷுக்கு ரேமில் 10 சதவீதம், கூடினால் 16 ஜிபி என்று எல்லை போடப்படுகிறது. அதற்கு முன் இன்ஸ்டோல் செய்தவை பாதி ரேம் வரை எடுக்கும். ஆகவே ஒரே மாதிரி இரண்டு சேர்வரில் ரேம் பாவனை வேறு வேறாகத் தெரிந்தால் அதுதான் காரணம், பழையவற்றிலும் நீங்களே எல்லை போடலாம்.

கடைசியாக ஹோஸ்ட்ஸ் கோப்பு, எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதி வைக்கும் இடம். புது சேர்வரின் பெயர் அதன் உண்மையான ஐபிக்குப் போக வேண்டும், தன்னையே குறிக்கும் 127இல் தொடங்கும் முகவரிக்கு அல்ல. மற்ற மூன்றின் பெயரையும் ஐபியையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அவற்றின் கோப்பில் இதையும். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேர்வர் கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக இருக்கிற இடங்களில் இது உயிர் காக்கும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போன மாதிரி ஒரு நாளில் எல்லாம் ஒரேயடியாக அணைந்து, திரும்ப ஒவ்வொன்றாக எழும்பும்போது, நோட்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இன்னும் எழும்பாத ஒரு விஎம்மை நம்பிக்கொண்டிருக்கக்கூடாது.

நெட்வேர்க், இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

நோட்கள் ஒன்றோடொன்று பேசுவது கொரோசிங்க் மூலம். அதற்கு அகலமான பாதை தேவையில்லை, ஒரு கிகாபிட் தாராளம். ஆனால் தாமதத்தை அது பொறுக்காது. எல்லா நோட்களுக்கும் இடையே 5 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும் என்பது ப்ரொக்ஸ்மொக்ஸின் சொந்த அறிவுறுத்தல். ஒரே கட்டடத்துக்குள் சாதாரணமாக ஒரு மில்லிசெக்கன் கூட வராது, ஆகவே பகலில் பிங் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார்கள். பிரச்சினை வருவது இரவில் பேக்கப் ஓடும்போது. ஸ்டோரேஜ் பேக்கட்டுகள் கேபிளை நிறைத்துவிட, கொரோசிங்கின் சின்னப் பேக்கட்டுகள் வரிசையில் காத்து நிற்கும், நோட் ஒன்று செத்துவிட்டதாக மற்றவை நினைக்கும். பிங் சோதனையைப் பேக்கப் ஓடுகிற நேரத்தில் செய்யுங்கள்.

கொரோசிங்குக்கு ஒரு தனி நெட்வேர்க் போர்ட், முடிந்தால் தனி சுவிட்ச், அதற்கு மேல் இரண்டாவது பாதையாக இன்னொரு போர்ட். ஸ்டோரேஜ் போகிற கேபிளில் கொரோசிங்கை ஒருபோதும் முதல் பாதையாகப் போடாதீர்கள். பழைய மூன்றில் இரண்டு பாதை இருந்தால் புதியதிலும் இரண்டு கட்டாயம். பழைய மல்டிகாஸ்ட் (ஒரே பேக்கட்டைப் பலருக்கும் அனுப்பும் முறை) அறிவுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம், 2019 இல் வந்த 6ஆம் வேர்ஷனிலிருந்து அது தேவையில்லை.

நோடைக் கொண்டுபோய் வேறொரு ஊரில், கண்டி அலுவலகத்திலோ கொழும்பிலோ வைத்து இதே கிளஸ்டரில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே தனியாக ஒரு சேர்வர் வைத்து பேக்கப்பை அனுப்புங்கள். அடுத்த கட்டடத்தில் வைக்கிறீர்கள் என்றால் இடையில் செம்புக் கேபிள் போடாமல் ஃபைபர் போடுங்கள், ஒக்டோபர் நவம்பர் இடிமுழக்கத்தில் ஒரு கேபிள் வழியாக இரண்டு சுவிட்சும் போகும்.

விஎம்களை நெட்வேர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ்களின் பெயர் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழையவற்றில் விஎம்கள் விஎம்பிஆர்0 இல் தொங்குகின்றன என்றால் புதியதிலும் அதே பெயரில் அதே நெட்வேர்க் இருக்க வேண்டும். விலான் (ஒரே கேபிளில் நெட்வேர்க்கைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறை) பாவித்தால் பிரிட்ஜில் அதைத் திறந்துவிட்டு, சுவிட்சின் அந்தப் போர்ட்டிலும் எல்லா விலானையும் விடுங்கள். இதை மறந்தால் விஎம் நகர்ந்து போகும், ஓடும், ஆனால் யாராலும் அதைத் தொட முடியாது. எம்டியூ (ஒரு பேக்கட்டின் அதிகபட்ச அளவு) எல்லா இடத்திலும் ஒன்று. 9000 என்று வைத்திருக்கிறீர்கள் என்றால் சுவிட்ச் உட்பட எல்லாம் 9000. பெரிய பேக்கட்டை உடைக்காமல் அனுப்பிப் பிங் அடித்து நிச்சயப்படுத்துங்கள்.

இடையில் ஃபயர்வோல் இருந்தால் திறக்க வேண்டியவை: டிசிபி 22, டிசிபி 8006, கொரோசிங்குக்கு யூடிபி 5405 முதல் 5412 வரை, லைவ் மைக்ரேஷனுக்கு (விஎம்மை நிறுத்தாமல் நகர்த்துவதற்கு) டிசிபி 60000 முதல் 60050 வரை.

பழைய மூன்றையும் தயார் செய்தல்

எல்லா விஎம்முக்கும் புது பேக்கப், அதில் ஒன்றையாவது திரும்ப எடுத்துப் பார்த்த பேக்கப். கிளஸ்டர் பக்கத்தில் குவோரம் ஆம் என்று இருக்க வேண்டும், ஏதாவது ஒரு நோட் சிவப்பாக இருக்கும் நிலையில் சேர்க்கத் தொடங்காதீர்கள். கியூடிவைஸ் இருந்தால் இப்போது கழற்றுங்கள்.

ஸ்டோரேஜ் பெட்டியில் புது சேர்வரின் ஐபிக்கு அனுமதி கொடுங்கள். இதென்ன பெரிய விஷயம் என்று நினைக்க வைக்கும் சின்ன வேலை, ஆனால் சேர்ந்த அந்த நொடியே புது நோட் என்எஃப்எஸ் ஷெயாரை (ஸ்டோரேஜ் பெட்டி நெட்வேர்க் வழியாகப் பகிரும் கோப்புறையை) மவுண்ட் பண்ணப் பார்க்கும், அனுமதி இல்லையென்றால் தொங்கி நின்று எல்லாவற்றிலும் சாம்பல் கேள்விக்குறி காட்டும். ஐஸ்கசி (நெட்வேர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் முறை) என்றால் புது சேர்வரின் இனிஷியேட்டர் பெயரை, அதாவது அது தன்னை அடையாளம் காட்டும் பெயரை, சேர்க்க வேண்டும்.

புது சேர்வரில் ஒரு விஎம் கூட இருக்கக்கூடாது. சேரும்போது அதன் அமைப்பு முழுவதும், ஸ்டோரேஜ் வரையறைகள் உட்பட, கிளஸ்டரின் அமைப்பால் மூடி எழுதப்படும். சோதனைக்கு என்று ஏதும் உருவாக்கியிருந்தால் பேக்கப் எடுத்து அழித்துவிட்டு, சேர்ந்த பின் வேறு எண்ணில் திரும்ப எடுங்கள்.

ஜொயின்

பழைய நோட் ஒன்றில் டேட்டாசென்டர், பிறகு கிளஸ்டர், ஜொயின் இன்ஃபர்மேஷன், கொப்பி. புது நோடின் பக்கத்தைத் தனி டேபில் திறந்து டேட்டாசென்டர், கிளஸ்டர், ஜொயின் கிளஸ்டர், ஒட்டு. நீங்கள் எந்தப் பழைய நோடிலிருந்து கொப்பி பண்ணினீர்களோ அதன் ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும். கீழே லிங்க் 0க்கு (கொரோசிங்கின் முதல் பாதை), இருந்தால் லிங்க் 1க்கும் (இரண்டாவது பாதை), புது நோடின் எந்த முகவரி என்று கேட்கும். இங்கே நிதானமாகப் பாருங்கள். கொரோசிங்குக்கு என்று ஒதுக்கிய நெட்வேர்க்கின் முகவரியைத் தெரிவு செய்ய வேண்டும், முதலில் கண்ணில் படுவதை அல்ல.

அமத்திய பின் சில செக்கன்களில் புது நோடின் பக்கம் தொடர்பு அறுந்ததாகக் காட்டும். பயப்பட வேண்டாம், சான்றிதழ் மாறிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணித் திரும்ப லொக்-இன் ஆகுங்கள், அல்லது பழைய நோடில் பாருங்கள், நான்காவது பச்சையாகத் தெரியும்.

தெரியாவிட்டால், குவோரத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று அப்படியே நின்றுவிட்டால், அனேகமாக அது நெட்வேர்க்தான். யூடிபி போகவில்லை, அல்லது எம்டியூ ஒத்துப்போகவில்லை, அல்லது லிங்க் முகவரி பிழை. மறுபடி மறுபடி ஜொயின் அடிக்காதீர்கள். முதலில் பாதையைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் கிளஸ்டரிலிருந்து அதை முறையாக நீக்கி, புதிதாக இன்ஸ்டோல் செய்து, திரும்ப வாருங்கள்.

சேர்ந்தாயிற்று, இன்னும் வேலை முடியவில்லை

லோக்கல் ஸ்டோரேஜ் வரையறைகளைப் பாருங்கள். கிளஸ்டரில் லோக்கல் எல்விஎம் (டிஸ்க்கைப் பிரித்து ஆளும் இன்னொரு முறை) என்று ஒன்று இருந்து புது நோட் இசட்எஃப்எஸ்ஸில் இன்ஸ்டோல் ஆகியிருந்தால், இல்லாத எல்விஎம் அதன் கீழ் கேள்விக்குறியோடு தெரியும், இருக்கிற இசட்எஃப்எஸ் தெரியாது. டேட்டாசென்டர் ஸ்டோரேஜில் போய் எல்விஎம்மைப் பழைய மூன்று நோட்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தி, இசட்எஃப்எஸ் பூலைப் புது நோடுக்கு மட்டும் சேருங்கள்.

செஃப் (நோட்களின் டிஸ்க்குகளை எல்லாம் ஒரே ஸ்டோரேஜாக ஆக்கும் முறை) ஓட்டுகிறவர்கள் புது டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் சேருங்கள், டேட்டா நகரத் தொடங்கினால் நெட்வேர்க் மூச்சு வாங்கும். செஃப்பின் நிலையைக் கவனிக்கும் மொனிட்டர் சேவைகளின் எண்ணிக்கை மூன்றாகவே இருக்கட்டும்.

இனி சிபியூ வகை. விஎம்களில் ஹோஸ்ட் என்று வைத்திருந்தால் அது அந்த சேர்வரின் சிபியூவின் எல்லா வசதிகளையும் எடுத்துக்கொள்ளும், தலைமுறை வேறான சேர்வருக்கு நகர்த்தினால் விழலாம். 8ஆம் வேர்ஷனிலிருந்து புது விஎம்முக்கு எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ் என்பதே இயல்பாக வருகிறது, அதையே பொதுவாக வையுங்கள், கொஞ்சம் பழைய சிபியூக்களிலும் ஓடும். மாற்றினால் விஎம்மை உள்ளிருந்து ரீபூட் பண்ணினால் போதாது, முழுதாக அணைத்துக் கிளப்ப வேண்டும்.

இப்போது முக்கியமில்லாத ஒரு விஎம்மை நகர்த்துங்கள். போனதா, உள்ளிருந்து நெட்வேர்க் வேலை செய்கிறதா, திரும்பி வருகிறதா. ஒவ்வொரு பழைய நோடிலிருந்தும் புதியதற்கும், புதியதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் செய்து பாருங்கள், ஒரு வழி வேலை செய்வதால் மறுவழியும் வேலை செய்யும் என்றில்லை. நகர மறுத்தால் முதலில் சிடி டிரைவைப் பாருங்கள், லோக்கல் ஸ்டோரேஜில் உள்ள ஐஎஸ்ஓ ஒன்று இன்னும் செருகியிருக்கும்.

எச்ஏயைத் திறக்கும் முன் கேபிளைப் பிடுங்குங்கள்

எச்ஏயில் (நோட் விழுந்தால் விஎம்மை வேறு நோடில் தானாகக் கிளப்பும் வசதியில்) உள்ள விஎம் ஓடுகிற நோட் ஒன்று குவோரத்தை இழந்தால், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வொட்ச்டோக் என்ற காவல் டைமர் அந்த சேர்வரையே ரீபூட் பண்ணிவிடும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடி டிஸ்க்கைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஆடிக்கொண்டிருக்கிற கேபிள் உள்ள நோடில் எச்ஏ விஎம்களைக் கொண்டுபோய் வைத்தால் நடுப்பகலில் காரணம் தெரியாமல் சேர்வர் ரீபூட் ஆகும். ஆகவே புது நோடைக் குறைந்தது ஒரு கிழமையாவது முக்கியமில்லாத விஎம்களோடு ஓட விடுங்கள், இரவுப் பேக்கப்புகளும் ஒரு மின்வெட்டும் அதற்குள் வந்து போகட்டும். கொரோசிங்கின் லொக்கில் லிங்க் விழுந்து எழும்பியதாக வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்றிரண்டு இருந்தாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

பிறகு முதல் பாதைக் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டாவதில் தொடர வேண்டும். அதைத் திரும்பச் செருகிவிட்டு, புது நோடில் எச்ஏ போட்ட ஒரு சோதனை விஎம்மை வைத்து, சேர்வரின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். சில நிமிடங்களில் அது வேறு நோடில் எழும்ப வேண்டும். எழும்பினால்தான் மற்றவற்றைக் கொண்டுவரலாம். எந்த விஎம் எந்த நோடை விரும்புகிறது என்பதை 8 இல் எச்ஏ குழுக்களிலும், 9 இல் எச்ஏ விதிகளிலும் எழுதுவீர்கள், நான்காவதை அதில் சேர்க்க மறக்க வேண்டாம். கியூடிவைஸையும் இப்போது திரும்பப் போடுங்கள்.

எப்போதாவது வெளியே எடுக்க வேண்டி வந்தால்

விஎம்களை எல்லாம் நகர்த்தி, ரெப்ளிகேஷன் வேலைகளை நீக்கி, கியூடிவைஸ் இருந்தால் கழற்றி, அந்த நோடை அணைத்த பின்னரே வேறொரு நோடிலிருந்து நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். நீக்கிய சேர்வரை அப்படியே அதே நெட்வேர்க்கில் மறுபடி போடக்கூடாது. தான் இன்னும் கிளஸ்டரில் இருப்பதாகவே அது நினைக்கும், மற்றவற்றைக் குழப்பும். நெட்வேர்க் கேபிள்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, டிஸ்க்கைத் துடைத்து, முதலிலிருந்து இன்ஸ்டோல் செய்த பிறகு செருகுங்கள்.